தள்ளுபடிக்கு எதிர்ச்சொல் என்ன?

ஏற்றத்துக்கு இறக்கம், இலாபத்துக்கு நட்டம், வரவுக்குச் செலவு என்று வணிகச் சொற்களுக்கெல்லாம் தமிழில் எதிர்ச்சொல் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கோடிட்ட இடத்தில் எழுதிவிடும். ஆனால் ஆடி பிறந்தால் சுவர், பேருந்தின் முதுகு, நாளிதழின் முதல் பக்கம் என எங்கும் கொட்டை எழுத்தில் நிற்கிற ‘தள்ளுபடி’க்கு எதிர்ச்சொல் கேட்டால், தமிழாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குகிறார். விலையேற்றம் என்று சொல்லிப் பார்க்கிறார். சொன்ன அவருக்கே திருப்தி இல்லை. விலையேற்றத்துக்கு நேர் எதிர் விலையிறக்கம். தள்ளுபடியில் விலை இறங்குகிறதா என்பதே இன்னும் நிறுவப்படாத செய்தி.

இந்தக் குறை நெடுநாளையது. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் யானைக்கும் மலைக்கும் மேகத்துக்கும் வரிவரியாகப் பெயர் அடுக்கின. விலை குறைப்புக்கென்று ஒரு தொகுதி ஒதுக்க எந்த நிகண்டாசிரியருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் காலத்தில் ஆடி இருந்தது, ஆடித் தள்ளுபடி இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்கான எளிய முயற்சியே இக்கட்டுரை.

ஆய்வு எல்லையைச் சொல்லிவிடுவது மரபு. சென்னையில் வடக்கே பனகல் பூங்கா, மேற்கே மாம்பலம் ரயில் நிலையம், மற்ற இரு திசைகளிலும் கூட்டம். கால எல்லை, ஆடி முதல் நாள் தொடங்கித் தீபாவளிக்கு முந்தின இரவு வரை. தகவலாளர்கள், துணிக்கடைப் படிக்கட்டுகளில் பைகளுக்குக் காவலாக உட்கார வைக்கப்பட்டிருந்த ஆண்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் விடைகள் விரிவாகக் கிடைத்தன.

கருதுகோள் இது: விலை குறைப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்வதில்லை. குறைந்ததை யார் தலையில் கட்டினார்கள் என்பதைத்தான் சொல்கின்றன.

தள்ளும் படியும்

முதலில் சொல்லைப் பிரிப்போம். தள்ளு, படி. ஊறுகாய், சுடுசோறு ஆகியவற்றோடு இதையும் வினைத்தொகையில் சேர்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்கிறது. வினைத்தொகையில் காலம் வெளியே தெரியாது, முக்காலமும் உள்ளே மறைந்திருக்கும். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். அவ்வாறே தள்ளிய விலை, தள்ளுகின்ற விலை, தள்ளும் விலை. ‘இன்றே கடைசி’ என்ற பலகை நேற்றும் இன்றும் நாளையும் ஒரே வாசலில் தொங்குவதற்கு இதைவிட நல்ல இலக்கண விளக்கம் கிடைக்காது. தொகைகள் ஆறு என்பது இலக்கண நூலார் கணக்கு. ரசீதின் அடியில் வரும் ‘செலுத்தவேண்டிய தொகை’யை ஏழாவதாகச் சேர்க்கலாம். மறைந்து நின்றவை எல்லாம் அங்கேதான் விரிகின்றன.

படி என்னும் பிற்பகுதிக்குப் பெரிய குடும்பம் உண்டு. சாகுபடி, செல்லுபடி, வரும்படி, கட்டுபடி எல்லாம் உறவுமுறை. இவற்றில் கட்டுபடியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும். அளவையான படி வேறு கிளை. ஆனாலும் 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று ஒலித்த படியை ஒதுக்கிவிட்டு விலை குறைப்பு பற்றி ஆராய்வது அறிவுடைமை ஆகாது. இன்றைய துணிக்கடை விளம்பரத்தின் உள்ளமைப்பு முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. கண்ணுக்குக் காட்டுவது மூன்று, கைக்கு வருவது ஒன்று. ஒரு வேறுபாடு உண்டு: அரசியல்வாதி எது இலட்சியம் எது நிச்சயம் என்று வாய்விட்டுச் சொன்னார். கடைக்காரர் அதைச் சொல்ல நட்சத்திரக் குறியை நியமித்திருக்கிறார்.

தள்ளுபடி கடைவீதிக்கு மட்டும் உரியதும் அன்று. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆகிறது, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தள்ளுபடி ஆகிறது. 2006-இல் தமிழக அரசு 6,866 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 2021-இல் அந்தத் தொகை 12,110 கோடி. ஒரே நாளிதழில் ஜாமீன் மனு தள்ளுபடி, பயிர்க்கடன் தள்ளுபடி, பட்டுச்சேலை தள்ளுபடி மூன்றையும் பார்க்கிறோம். முதலாவது ஒருவரை மறுபடி உள்ளே அனுப்புகிறது. இரண்டாவது ஒருவரைக் கடனிலிருந்து வெளியே விடுகிறது. மூன்றாவது, வெளியே இருந்தவரைக் கடனட்டையோடு உள்ளே இழுக்கிறது. ஒரே சொல் இப்படி மூன்று திசையில் தள்ளுவதால், தள்ளப்படுவது பொருளின் விலையா, வாங்க வந்த ஆளா என்ற ஐயம் ஆய்வாளருக்கு எழுவது இயல்பு. ரங்கநாதன் தெருவில் சனிக்கிழமை மாலை நின்று பார்த்தவருக்கு அந்த ஐயம் எழாது.

ஒரே பொருள் குறித்த பல சொற்கள்

ரிபேட், கழிவு, சலுகை, மலிவு, சல்லிசு, சகாய விலை, அடக்க விலை, அடிமாட்டு விலை, கொசுறு, இலவசம். இவற்றை எல்லாம் ஒரு பொருள் குறித்த பல சொல் என்று அகராதிக்காரர் ஒரே மூட்டையில் கட்டிவிடுவார். மூட்டையை அவிழ்த்தால் ஒவ்வொன்றின் உள்ளேயும் வேறு ஒருவர் விலையைச் சுமந்துகொண்டு நிற்கிறார்.

ரிபேட்டில் நிற்பவர் அரசு. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் என்பது நடுத்தர வர்க்கத்தின் பஞ்சாங்கக் குறிப்புகளில் ஒன்று. மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைக்கும் விலை குறைப்பு உலகில் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. குறைகிற தொகைக்கு அரசின் தள்ளுபடி மானியம் உண்டு, அரசு ஊழியருக்கு வட்டியில்லாத தவணையும் உண்டு. அதனால்தான் ‘கோ-ஆப்டெக்ஸ்ல ரிபேட்ல எடுத்தேன்’ என்று ஒருவர் நிமிர்ந்து சொல்கிறார். அதையே தனியார் கடையில் ‘தள்ளுபடியில எடுத்தேன்’ என்று சொல்லும்போது குரல் ஒரு படி இறங்குகிறது. கல்யாண வீட்டில் அதுவும் சொல்லப்படுவதில்லை.

கழிவு என்ற சொல்லுக்குக் கடல் கடந்தால் மரியாதை. இலங்கைத் தமிழர் கடைகளில் விலைக்கழிவு என்றுதான் எழுதுகிறார்கள், 50 சதவீதக் கழிவு என்றால் ஆட்கள் மகிழ்ச்சியோடு உள்ளே நுழைகிறார்கள். தமிழ்நாட்டில் அதே எழுத்துகளை வாசலில் எழுதிவைத்தால் மாநகராட்சி வண்டி வந்து நிற்கும். இங்கே கழிவுக்கு நீர் சேர்ந்துவிட்டது. கழிக்கிற கணக்கு இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்க, ஒரு கரையில் அது இலாபமும் மறு கரையில் சாக்கடையும் ஆனது மொழிவரலாற்றின் குறும்பு. சொல் நேர்மை என்று பார்த்தால் ஈழத்தவர் பக்கமே தீர்ப்பு. கழிவு என்பது வெறும் கணக்கு, அதில் யாரையும் யாரும் தள்ளுவதில்லை.

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் வியாபாரத் தள்ளுபடி, ரொக்கத் தள்ளுபடி என்று இரு வகை படித்திருப்போம். மொத்த வியாபாரி சில்லறை வியாபாரிக்கு இடாப்பிலேயே கழித்துக்கொடுப்பது முதல் வகை, அது கணக்கேட்டில் ஏறாது. குறித்த நாளுக்குள் பணம் கட்டியவருக்குத் தருவது இரண்டாம் வகை, அது ஏட்டில் ஏறும். நமக்குக் கடையில் கிடைப்பது எந்த வகை என்று பல முறை யோசித்ததில், அது மூன்றாம் வகை என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. ஏற்றித் தள்ளுபடி. ஆயிரம் ரூபாய்ச் சட்டைக்கு 1,500 என்று சீட்டு ஒட்டி, அதில் 40 சதவீதம் தள்ளினால் 900. குறைந்தது நூறு ரூபாய், குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரிவது அறுநூறு. பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டை ஒட்டும்போது ஓரத்தைச் சரியாக அமுக்காத பையன்கள்தான் இந்தத் துறையின் முதன்மைச் சான்றாதாரங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே 2022 மே மாதம் முதல் ஒரு விதி வைத்திருக்கிறது: விலை குறைப்பு என்று அறிவித்தால், முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் சொல்ல வேண்டும். நம்மூரில் அந்த வேலையைப் பக்கத்துவீட்டு அம்மாள் செய்கிறார். “போன மாசம் இதே சட்டை தொள்ளாயிரத்துக்குத்தானே எடுத்தோம்.”

ஆடி ஏன் என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, புதுமணப் பெண் பிறந்தகத்தில் இருக்கிறாள், பட்டு விற்காது. தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்குக்கு இடம் ஒழிய வேண்டும். ஆடிக் காற்றில் அம்மி பறந்ததோ இல்லையோ, பின்னறையில் கிடந்த சுடிதார் பறந்தது.

இலவசம் என்பது விலை குறைப்பின் உச்சம், நூறு சதவீதம். இந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் 2011-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஆட்சி மாறியதும் இலவசம் என்ற சொல் அரசாணைகளிலிருந்து விடைபெற்று, விலையில்லா அரிசி, விலையில்லா மிக்ஸி, விலையில்லா மடிக்கணினி, விலையில்லா ஆடு என்று வந்தன. இல்லாத என்பதன் ஈறு கெட்டு இல்லா என நின்றதால், தேர்வில் நம்மை வாட்டிய ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் முதன்முறையாக வீடு வீடாக வழங்கப்பட்டது. இன்று எந்த மாணவருக்கும் எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை, அட்டாலியைத் திறந்தால் போதும். வாங்குகிறவருக்கு இலவசத்தில் இருந்த கூச்சம் விலையில்லாவில் இல்லை. மதிப்பிட முடியாதது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம் அல்லவா? சொல்லை மாற்றியவர் யாராயிருந்தாலும் இலக்கணம் தெரிந்தவர்.

தனியார் கடையின் இலவசம் இத்தனை நுட்பமானதன்று. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது இரண்டுக்கும் சேர்த்து 50 சதவீதம். இரண்டு வாங்கினால் ஒன்று என்பது 33 சதவீதத்துச் சொச்சம். ஒன்றுமே வாங்காவிட்டால் நூறு சதவீதம் மிச்சம் என்ற மூன்றாவது திட்டத்தை எந்தக் கடையும் விளம்பரம் செய்வதில்லை. விலைக்குள்ளேயே ஒரு பங்கு அடங்கியிருக்கும் பொருளை இலவசம் என்று எண்ண வைப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கு முந்தைய 1986 சட்டமும் அதையே சொன்னது. சட்டத்துக்கு வயதாகிறது. இரண்டு பெட்டி சோப்புக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா இன்னும் இளமையாக இருக்கிறது.

இந்த வரிசையில் யாரையும் ஏமாற்றாத ஒரே சொல் கொசுறு. காய்கறிக்காரம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தண்டும் பையில் திணிக்கும்போது அதற்குச் சதவீதம் கிடையாது, நிபந்தனை கிடையாது, கடைசித் தேதி கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது ஒன்றே விதி. கறிவேப்பிலை விலை ஏறும் நாட்களில் கொசுறு சிறுத்து நாலு இலையாகும், ஆனால் நிற்காது. சங்கிலித்தொடர் அங்காடிகள் கறிவேப்பிலையைத் தனியாகப் பொதிந்து விலைச்சீட்டு ஒட்டிய அன்றைக்குத் தமிழர் வணிகப் பண்பாட்டில் ஒரு நூற்றாண்டு முடிந்தது. அதற்கு யாரும் நினைவுக்கூட்டம் நடத்தவில்லை.

இடைச்சொல் இயல்

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் செய்யாத வேலையை இடைச்சொல் செய்கிறது. விளம்பரத் தமிழில் மிக ஆபத்தானது ‘வரை’. 50 சதவீதம் வரை தள்ளுபடி. எல்லைப் பொருள் தரும் இந்தச் சொல்லை ஓவியர் எறும்பு அளவில் எழுதுவார், 50-ஐ யானை அளவில். பழந்தமிழில் வரை என்றால் மலை. இன்றும் அது மலைதான், உச்சியில் ஒரே ஒரு பொருள் இருக்கும். பெரும்பாலும் பெருவிரல் அளவுக்குக் குழந்தைக் காலுறை. மற்றவை எல்லாம் அடிவாரத்தில் 5 சதவீதத்தில் படுத்திருக்கும்.

வரைக்கு இணை ‘முதல்’. 299 ரூபாய் முதல். அந்த 299 ரூபாய்ச் சேலையை இவ்வாய்வாளர் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கேட்டால் “அது காலையிலேயே போயிடுச்சு சார்” என்ற மறுமொழி எல்லாக் கடைகளிலும் ஒரே ராகத்தில் வந்தது. முதலுக்கே மோசம் என்ற வழக்கின் பிறப்பிடம் இதுவாக இருக்கலாம்.

மூன்றாவது, கூட்டல் குறி. ‘50 + 20 சதவீதம்’. பள்ளியில் ஒழுங்காகப் படித்தவர் 70 என்கிறார், அதுதான் அவர் செய்த பிழை. ஆயிரம் ரூபாயில் பாதி போனால் 500. அந்த 500-இல் 20 சதவீதம் 100. மிச்சம் 400. ஆக மொத்தத் தள்ளுபடி 60. தமிழில் புணர்ச்சி விதிகள் உண்டு: தோன்றல், திரிதல், கெடுதல். 50-உம் 20-உம் புணர்ந்தால் பத்து கெடும்.

உடுக்குறி பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வானத்து நட்சத்திரம் ஜாதகத்தைத் தீர்மானிப்பது பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம், விளம்பரத்து நட்சத்திரம் பில்லைத் தீர்மானிப்பதில் இல்லை.

எதிர்த்திசைச் சொற்கள்

இனி மறுபுறம். விலை ஏறும்போது தமிழ் என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பார்க்கிறது என்பதே கண்டறிந்த உண்மை.

பவணந்தியார் நன்னூலில் தகுதி வழக்கை மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். இன்று மின் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் ஏறுவதில்லை, மாற்றியமைக்கப்படுகின்றன. பால் விலை திருத்தியமைக்கப்படுகிறது. திருத்தம் என்றால் பழைய விலையில் பிழை இருந்தது என்று பொருள். அந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில் இருந்திருக்கிறது. ரயில்வே 2016 செப்டம்பரில் ராஜ்தானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தது: ஒவ்வொரு 10 சதவீத இருக்கை விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். அதற்கு வைத்த பெயர் ஃபிளெக்சி ஃபேர், அதாவது நெகிழும் கட்டணம். நெகிழ்ந்தது பயணியின் மனம்.

இடக்கரடக்கல், அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது. கைபேசியில் சினிமா டிக்கெட் எடுத்தால் வசதிக் கட்டணம், சாப்பாடு வரவழைத்தால் தளக் கட்டணம், பொட்டலம் கட்டும் கட்டணம், மழை பெய்தால் மழைக் கட்டணம். விலையேற்றம் என்ற கெட்ட வார்த்தை எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேல் வரியில் ‘நீங்கள் சேமித்தது 60 ரூபாய்’ என்று பச்சை எழுத்தில் வாழ்த்தும் இருக்கும்.

குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது. இதைவிட வெளிப்படையான குழூஉக்குறி உலக மொழிகளில் இருக்குமா என்பது ஐயமே. இன்றைய நகைக்கடைக்காரர் நாகரிகமானவர், சேதாரம் என்கிறார், செய்கூலி என்கிறார். பிறகு அதே சேதாரத்தில் தள்ளுபடி தருகிறார். சேதம் ஆனது யாருடைய தங்கம், அதில் தள்ளுபடி செய்தது யாருடைய பணம் என்று கேட்பதற்குள் மூன்று சதவீத ஜிஎஸ்டி வந்து பேச்சை மாற்றிவிடுகிறது. மணப்பாறை, பொள்ளாச்சி மாட்டுச்சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் குழூஉக்குறியே. அங்கே ஒரு நேர்மை இருக்கிறது. மறைத்துப் பேசுகிறோம் என்பதை அவர்கள் மறைப்பதில்லை.

இம்மூன்றிலும் அடங்காத நான்காவது ஒன்றை நன்னூலார் காணவில்லை. விலைச்சொல் மாறாது, பொருள் மட்டும் குறையும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் இன்றும் ஐந்து ரூபாய்தான். உறையும் அதே நிறம், படமும் அதே படம். உள்ளே எண்ணிக்கை குறைந்திருக்கிறது. சொல்லும் பொருளும் என்று தலைப்பிட்டு நாம் படித்த பாடத்துக்கு இப்படி ஒரு பயன்பாடு வரும் என்று எந்த ஆசிரியரும் எச்சரிக்கவில்லை. எடை உறையில் அச்சாகியிருக்கிறதே என்று நிறுவனம் சொல்லும். அச்சாகியிருக்கிறது, உண்மை.

வரி குறைவது தனிக் கதை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் போய்ப் பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் வந்தன. வரி குறைந்தால் அந்தப் பயன் வாங்குகிறவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 171-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மாதம் அரசு குறைத்த வரியைப் பல கடைகள் தங்கள் தீபாவளித் தள்ளுபடியாக விளம்பரம் செய்தன. பிறர் சுமந்ததைத் தன் சுமையாகக் காட்டுவது உவமையா உருவகமா என்று அணியிலக்கணக்காரர் தீர்மானிக்கட்டும்.

தக்காளிச் சான்று

கருதுகோளுக்கு இறுதிச் சான்று துணிக்கடையில் இல்லை, ஒட்டன்சத்திரம் சந்தையில் இருக்கிறது. நாளிதழ்த் தலைப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். தங்கம் குறைந்தால் ‘அதிரடியாகக் குறைந்தது, நகைப்பிரியர்கள் மகிழ்ச்சி’. பங்கு குறைந்தால் ‘சரிவு, முதலீட்டாளர்கள் அதிர்ச்சி’. தக்காளி குறைந்தால் ‘வீழ்ச்சி, விவசாயிகள் வேதனை’. தக்காளி ஏறினால் ‘கிடுகிடு உயர்வு, இல்லத்தரசிகள் கவலை’. எந்தப் பக்கம் போனாலும் தக்காளிக்கு மட்டும் மகிழ்ச்சி எழுதப்படவில்லை.

கிலோ நாற்பதுக்கு விற்ற தக்காளி பத்துக்கு வந்தால் அது 75 சதவீதம் குறைவு. எந்த ஜவுளிக்கடையும் ஆடிக்குத் தராத அளவு. ஆனால் அதை யாரும் தள்ளுபடி என்று சொல்வதில்லை, பட்டாசு வெடிப்பதில்லை, நடிகை வந்து ரிப்பன் வெட்டுவதில்லை. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்படும் பெட்டிகளைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கடைக்காரர் தாமே முன்வந்து குறைத்ததாகச் சொல்லிக்கொள்ளும்போது அது தள்ளுபடி. அரசு சுமந்தால் மானியம். விளைவித்தவர் வாய்திறக்க வழியில்லாமல் சுமந்தால் அதன் பெயர் வீழ்ச்சி. விழுந்தது விலை என்று எழுதுகிறோம்.

வெளிநாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. 99 ரூபாய் 95 காசு என்று போட்டால் நம்மூரில் ‘பாட்டா விலை’ என்பார்கள். அந்த நிறுவனத்தை 1894-இல் ஸ்லின் என்ற ஊரில் தொடங்கிய தோமாஸ் பாட்டா, முதல் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவில் சரக்கு விற்காமல் தேங்கியபோது, 1922-இல் செருப்பு விலையைப் பாதியாகக் குறைத்தார். ‘வரை’ இல்லாத, நட்சத்திரம் இல்லாத, சரியான ஐம்பது சதவீதம். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது, நிறுவனம் வளர்ந்தது. வணிக நூல்கள் இன்றளவும் அதை மெச்சுகின்றன. அதே மூச்சில் தொழிலாளர் கூலியும் 40 சதவீதம் குறைக்கப்பட்டது. அவர்களுக்கு மளிகையும் துணியும் மலிவாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். எனினும் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் கருதுகோள் நிற்கிறது என்பதற்கு இது போதும்.

கட்டுபடி

இத்தனை சுற்றியபின் தொடங்கிய கேள்விக்கு வரலாம். விடை கிடைத்தது நூலகத்தில் அன்று, உஸ்மான் சாலை நடைபாதையில் கைப்பை விற்பவருக்கும் ஓர் அம்மாவுக்கும் நடந்த பேச்சில்.

“அண்ணே, எவ்ளோ இது?”

“முன்னூத்தம்பதும்மா.”

“நூத்தம்பது. பாத்துப் போட்டுக் குடுங்க.”

“கட்டுபடியாகாதும்மா. முன்னூறு குடுங்க, மொத போணி.”

“மணி நாலாவுது, இப்பத்தான் மொத போணியா? எனக்கும் கட்டுபடியாகாதுண்ணே.”

நாலடி நடந்தார். கூப்பிடுகுரல் வந்தது. இருநூற்றிருபதில் முடிந்தது. இருவர் முகத்திலும் தோற்ற களை இல்லை.

இந்த உரையாடலில் சதவீதம் இல்லை, நட்சத்திரம் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லைக் கையாள்கிறார்கள். அவருடைய கட்டுபடியில் வாங்கின விலை, போலீஸ் மாமூல், வெயில், மழை எல்லாம் இருக்கின்றன. இவருடைய கட்டுபடியில் மாதக் கடைசி இருக்கிறது. தள்ளுபடி ஒருவர் பலகையில் எழுதி மற்றவர் படிக்கிற சொல். கட்டுபடி, இருவர் முகம் பார்த்துப் பேசினால்தான் நடக்கிற சொல். தள்ளு என்பதற்கு எதிரே கட்டு நிற்கிறது, படி பொதுவாக இருக்கிறது. சொல்லமைப்பும் பொருளும் இவ்வளவு பொருந்தி எதிர்நிற்கும் இணை தமிழில் அதிகமில்லை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளியைக் கொட்டியவர் சொன்னதும் இதே சொல்தான்: கட்டுபடியாகல.

ஆகவே பாடநூல் தயாரிப்போருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு வேண்டுகோள். தள்ளுபடிக்கு எதிர்ச்சொல் கேட்கும் நாள் வந்தால், கட்டுபடி என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். விலையேற்றம் என்று எழுதிய பிள்ளைக்குப் பாதி போதும், அது வீட்டில் கேட்டு எழுதியிருக்கும். தள்ளுபடியும் விலையேற்றமும் ஒன்றுதான் என்று எழுதி வைத்த பிள்ளை யாராவது இருந்தால், விடைத்தாளை அடிக்காமல் பெற்றோரை ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். அவர்கள் பெரும்பாலும் ஜவுளிக்கடை வைத்திருப்பார்கள்.